விரைவோட்டப் பயிற்சி

விரைவோட்டப் பயிற்சி அல்லது குறுந்தூர ஓட்டப் பயிற்சி என்பது 60 மீட்டர் முதல் 400 மீட்டர் வரையிலான தொலைவுகளை இயன்ற அளவு குறைந்த நேரத்தில் ஓடி முடிப்பதற்காகத் திட்டமிட்டு மேற்கொள்ளப்படும் பயிற்சி முறையாகும். நெடுந்தூர ஓட்டப் பயிற்சியில் ஓடும் தொலைவைப் படிப்படியாகக் கூட்டுவது முதன்மையானது. விரைவோட்டப் பயிற்சியில் ஓடும் தொலைவு மிகக் குறைவு. ஒவ்வோர் ஓட்டமும் முழு வேகத்தில் அமைவதும், அதற்கு முன் உடல் நன்கு ஓய்வு பெற்றிருப்பதும் இதில் முதன்மையானவை. மூச்சு வாங்கக் களைத்துப் போகும் வரை ஓடுவதே பயிற்சி என்னும் பரவலான எண்ணம் இத்துறைக்குப் பொருந்தாது. அவ்வாறு ஓடுபவரின் தாங்குதிறன் கூடலாம்; வேகம் கூடுவதில்லை.

இக்கட்டுரை பெரும்பாலும் 100 மீட்டர் ஓட்டத்தை அடிப்படையாகக் கொண்டு அமைகிறது. 200 மீட்டருக்கும் இக்கருத்துகள் பெருமளவு பொருந்தும். 400 மீட்டருக்கான வேறுபாடுகள் தனியே தரப்பட்டுள்ளன.

ஓட்டத்தின் கட்டங்கள்

100 மீட்டர் ஓட்டம் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே வேகத்தில் ஓடப்படுவதில்லை. 2009 ஆகஸ்ட் 16 அன்று பெர்லினில் நடைபெற்ற உலகத் தடகளப் போட்டியில் ஜமைக்காவின் உசைன் போல்ட் 9.58 நொடிகளில் ஓடி உலக சாதனை படைத்தார். அவ்வோட்டம் 20 மீட்டர் பகுதிகளாகப் பிரித்து அளக்கப்பட்டது. முதல் 20 மீட்டருக்கு 2.89 நொடிகளும், அடுத்தடுத்த பகுதிகளுக்கு முறையே 1.75, 1.67, 1.61, 1.66 நொடிகளும் ஆயின. 60 மீட்டருக்கும் 80 மீட்டருக்கும் இடைப்பட்ட பகுதியில் அவரது சராசரி வேகம் நொடிக்கு 12.4 மீட்டர், அதாவது மணிக்கு 44.7 கிலோமீட்டர் ஆகும்.

இவ்வெண்களிலிருந்து ஓட்டத்தின் கட்டங்களைத் தெளிவாகக் காணலாம். முதலாவது, துப்பாக்கி ஒலிக்கு உடல் எதிர்வினை காட்டும் நேரம். அன்றைய ஓட்டத்தில் போல்ட்டுக்கு இது 0.146 நொடி. இரண்டாவது, நின்ற நிலையிலிருந்து வேகத்தை ஏற்றும் முடுக்கக் கட்டம். மூன்றாவது, உச்ச வேகக் கட்டம். நான்காவது, வேகம் குறையத் தொடங்கும் கட்டம். உலகின் மிக விரைவான ஓட்டத்தில்கூட இறுதி 20 மீட்டர் அதற்கு முந்திய 20 மீட்டரைவிட மெதுவாகவே ஓடப்பட்டது என்பது குறிப்பிடத்தக்கது. முடிவுக் கோட்டை நெருங்கும்போது ஒருவர் திடீரென வேகமெடுத்து மற்றவர்களை முந்துவதாகப் பார்வையாளர்களுக்குத் தோன்றுவது பெரும்பாலும் மயக்கமே. அங்கே எல்லோருடைய வேகமும் குறைந்துகொண்டிருக்கும். முந்துபவரின் வேகம் மற்றவர்களைவிடக் குறைவாகக் குறைந்திருக்கும்.

உலகத் தரத்திலான ஆண் ஓட்டக்காரர்கள் தம் உச்ச வேகத்தை 50 முதல் 70 மீட்டர் அளவில் எட்டுகின்றனர். பயிற்சி பெறாத மாணவர் ஒருவர் 30 அல்லது 40 மீட்டருக்குள்ளேயே தம் உச்சத்தை எட்டிவிடுவார். எஞ்சிய தொலைவு முழுவதும் அவரது வேகம் குறைந்துகொண்டே வரும். எனவே அவர் நேரத்தைக் குறைப்பதற்கு இரு வழிகள் உண்டு. முடுக்கத்தை நீட்டித்து உச்ச வேகத்தை உயர்த்துவது ஒன்று. உயர்ந்த வேகத்தைச் சற்று நேரம் காப்பது மற்றொன்று. எதிர்வினை நேரத்தைப் பயிற்சியால் குறைத்துப் பெறும் ஆதாயம் நொடியின் நூற்றில் சில பங்குகளைத் தாண்டுவதில்லை. மேலும், ஒலி எழுந்து 0.100 நொடிக்குள் புறப்படுவது விதிகளின்படி தவறான தொடக்கமாகும். 2010 முதல், முதல் முறை தவறு செய்பவரே நீக்கப்படுகிறார். 2011இல் தென்கொரியாவின் தேகு நகரில் நடந்த உலகப் போட்டியின் 100 மீட்டர் இறுதியில் போல்ட் இவ்வாறு நீக்கப்பட்டார்.

வேகம் உருவாகும் முறை

ஓட்ட வேகம் என்பது காலடி நீளத்தையும், ஒரு நொடியில் வைக்கும் அடிகளின் எண்ணிக்கையையும் பெருக்கிக் கிடைப்பதாகும். பெர்லினில் போல்ட் ஏறத்தாழ 41 அடிகளில் 100 மீட்டரைக் கடந்தார். சராசரியாக ஓர் அடிக்கு 2.44 மீட்டர். இதைக் கேள்வியுறும் பலர், நீண்ட அடிகளாக எடுத்து வைத்தால் வேகம் கூடும் என்று முடிவு செய்கின்றனர். இது தவறான முடிவு. வேண்டுமென்றே காலை நீட்டி உடலுக்கு வெகு முன்னே ஊன்றும்போது, அக்கால் தடையாகச் செயற்பட்டு ஒவ்வோர் அடியிலும் வேகத்தைக் குறைக்கிறது. தொடையின் பின்புறத் தசையும் கூடுதலாக இழுபடுகிறது.

அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் வெயண்டும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இது குறித்து முக்கியமான ஒன்றை வெளிப்படுத்தியது. விரைவாக ஓடுபவரும் மெதுவாக ஓடுபவரும் தத்தம் உச்ச வேகத்தில் ஓடும்போது, காலைக் காற்றில் வீசி மீண்டும் முன்னே கொண்டுவர எடுத்துக்கொள்ளும் நேரம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வேறுபாடு தரையில் இருந்தது. விரைவாக ஓடுபவர்கள் தம் உடல் எடையை ஒப்பிடுகையில் மிகுந்த விசையுடன் தரையை உந்தினர். உச்ச வேகத்தில் பாதம் தரையைத் தொட்டிருக்கும் நேரம் நொடியின் பத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவு. அந்தக் குறுகிய நேரத்தில் உடல் எடையின் இரு மடங்குக்கும் மேற்பட்ட சராசரி விசையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. காலடி நீளம் கூடுவது இவ்விசையின் விளைவேயன்றி, காலை நீட்டுவதன் விளைவு அன்று.

இவ்வளவு விரைவில் விசையைச் செலுத்துவதற்குத் தசையின் பருமன் மட்டும் போதாது. மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் வரும் நரம்புத் துடிப்புகள் பல தசை நார்களை ஒரே நேரத்தில், சரியான வரிசையில் இயக்க வேண்டும். எதிர்த்தசைகள் உரிய கணத்தில் தளர வேண்டும். எனவே விரைவோட்டம் ஒரு திறனும் ஆகும். இசைக்கருவி பயில்பவர் தளர்ந்த விரல்களோடு தவறாகவே திரும்பத் திரும்ப வாசித்தால் அத்தவறே பழக்கமாகிவிடுவது போல, களைத்த கால்களோடு ஓடிப் பழகுபவரின் உடல் மெதுவான அசைவையே பயின்றுகொள்கிறது.

தசைகளில் விரைவாகச் சுருங்கும் நார்கள், மெதுவாகச் சுருங்கும் நார்கள் என இருவகை உண்டு. விரைவோட்டக்காரர்களின் கால்களில் முதல் வகை மிகுதியாக இருப்பது பெருமளவு பிறப்பிலேயே அமைவது. 2003இல் ஆத்திரேலிய ஆய்வாளர்கள், விரை நார்களில் காணப்படும் ஒரு புரதத்துக்குரிய ஏசிடிஎன்3 என்னும் மரபணுவுக்கும் உயர்தர விரைவோட்டத்துக்கும் தொடர்பு இருப்பதாக அறிவித்தனர். ஊடகங்கள் இதனை வேக மரபணு என்று பெயரிட்டு எழுதின. ஆயினும் ஒருவரது வேகத்தில் இம்மரபணு ஒன்றின் பங்கு சிறியது. இதனைச் சோதித்துச் சிறுவர்களுள் எதிர்கால வீரரைத் தெரிவு செய்ய முயல்வதைவிட, அவர்களை 30 மீட்டர் ஓடச் செய்து பார்ப்பது மலிவானது, நம்பகமானதும்கூட.

ஆற்றல் வழங்கலைப் பொறுத்தவரை, முழு வேக ஓட்டத்தின் முதல் சில நொடிகளுக்குத் தசையில் சேமிக்கப்பட்டுள்ள கிரியேட்டின் பாசுபேட்டு என்னும் சேர்மம் முதன்மையாக உதவுகிறது. இச்சேமிப்பு ஏறத்தாழ 10 நொடிகளில் பெரிதும் குறைந்துவிடும். ஓய்வின்போது முதல் அரை நிமிடத்தில் ஏறத்தாழ பாதி மீண்டாலும், பெரும்பகுதி மீளச் சில நிமிடங்கள் தேவைப்படுகின்றன. முழு வேக ஓட்டங்களுக்கு இடையே நீண்ட ஓய்வு ஏன் வேண்டும் என்பதற்கு இது ஒரு காரணம். நரம்பு மண்டலத்தின் களைப்பு மற்றொன்று. அது மூச்சு சீரான பின்னரும் நீடிக்கக்கூடியது.

வரலாறு

1896 ஏதென்ஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் ஓட்டத்தை அமெரிக்காவின் தாமஸ் பர்க் 12.0 நொடிகளில் வென்றார். கைகளைத் தரையில் ஊன்றிக் குந்திய நிலையிலிருந்து அவர் புறப்பட்டது அன்று புதுமையாகக் கருதப்பட்டது. பல்லாண்டுகள் வரை ஓட்டக்காரர்கள் சிறு கரண்டியால் தடத்தில் குழி தோண்டிக் கால்களைப் பதித்துக்கொண்டனர். 1936இல் பெர்லினில் ஜெசி ஓவன்சும் அவ்வாறே செய்தார். ஸ்டார்ட்டிங் பிளாக் எனப்படும் கால்தாங்கிகள் ஒலிம்பிக்கில் 1948 லண்டன் போட்டியில்தான் முதன்முதலாகப் பயன்பட்டன.

பயிற்சியை அளந்து பார்க்கும் போக்கு 1920களில் தொடங்கியது. உடலியங்கியல் அறிஞர் ஏ. வி. ஹில், காந்தத் துண்டு ஒன்றை அணிந்த ஓட்டக்காரரைத் தடத்தின் ஓரமாக வைக்கப்பட்ட கம்பிச் சுருள்களைக் கடந்து ஓடச் செய்து, ஒவ்வொரு கட்டத்திலும் அவருடைய வேகத்தைப் பதிவு செய்தார். பயிற்சி ஆண்டை ஆயத்தக் காலம், போட்டிக் காலம், இடைமாற்றக் காலம் எனப் பிரிக்கும் முறையைச் சோவியத் அறிஞர் லேவ் மத்வேயெவ் 1960களில் விரிவாக வகுத்தார். உயரத்திலிருந்து குதித்து உடனே மேலெழும் துள்ளற் பயிற்சிகளை அதே காலப்பகுதியில் யூரி வெர்கோசான்ஸ்கி முறைப்படுத்தினார். உக்ரைனியரான வலேரி பர்சோவ் சோவியத் ஒன்றியத்தின் சார்பில் 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர் ஆகிய இரண்டிலும் தங்கம் வென்றபோது, அறிவியல் வழிப் பயிற்சி மேற்கு நாடுகளிலும் பெரும் கவனத்தைப் பெற்றது.

கனடாவின் பயிற்றுநர் சார்லி பிரான்சிஸ் 1980களில் கையாண்ட முறை இன்றளவும் விவாதிக்கப்படுகிறது. ஓட்டங்கள் ஒன்று உச்ச வேகத்தின் 95 விழுக்காட்டுக்கு மேல் அமைய வேண்டும், அல்லது 75 விழுக்காட்டுக்குக் கீழ் அமைய வேண்டும் என்பது அவரது கொள்கை. இடைப்பட்ட வேகம் உடலைக் களைப்படையச் செய்கிறது. ஆனால் வேகத்தை வளர்க்கப் போதுமானதாக இல்லை என்று அவர் கருதினார். அவருடைய மாணவர் பென் ஜான்சன் 1988 சியோல் ஒலிம்பிக்கில் 9.79 நொடிகளில் ஓடி, ஸ்டானசோலால் என்னும் ஊக்கமருந்தைப் பயன்படுத்தியது கண்டறியப்பட்டுப் பதக்கத்தை இழந்தார். 1989இல் கனடிய அரசு அமைத்த விசாரணை ஆணையத்தின் முன் பிரான்சிஸ் தம் வீரர்களின் மருந்துப் பயன்பாட்டை ஒப்புக்கொண்டார். கடினப் பயிற்சிக்கும் எளிய பயிற்சிக்கும் இடையே தெளிவான எல்லை வகுக்கும் அவரது கருத்தைப் பலர் ஏற்றாலும், அவர் வீரர்களின் பயிற்சி அளவுகளை அப்படியே பின்பற்றுவது அறிவுடைமையாகாது. அவ்வகை மருந்துகள் உடல் மீளும் நேரத்தைக் குறைப்பவை. மருந்தில்லாத உடல் அதே சுமையைத் தாங்கும் என எதிர்பார்க்க இயலாது.

முழு வேகமும் முழு ஓய்வும்

நடைமுறையில் பயிற்றுநர்கள் பின்பற்றும் எளிய கணக்கு ஒன்று உண்டு. முழு வேகத்தில் ஓடிய ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஏறத்தாழ ஒரு நிமிடம் ஓய்வு. 30 மீட்டர் ஓடினால் 3 நிமிடம், 60 மீட்டர் ஓடினால் 6 நிமிடம். முதன்முறை இவ்வாறு பயிலும் மாணவர்களுக்கு இது சோம்பலாகத் தோன்றும். ஒரு மணி நேரப் பயிற்சியில் உண்மையில் ஓடிய நேரம் ஒரு நிமிடத்தை எட்டாது என்பதால், பார்ப்பவர்களுக்கும் அவ்வாறே தோன்றும். பல பள்ளிகளில் போட்டிக்கு முந்திய வாரங்களில் மைதானத்தைப் பல சுற்றுகள் ஓடச் செய்து, அதன் பின்னரே 100 மீட்டர் ஓட்டங்களை மூச்சு வாங்க ஓடச் செய்வது வழக்கமாக இருப்பதற்கு இத்தோற்றமே காரணம். அம்முறையில் மாணவர் முழு வேகத்தை ஒருமுறையும் தொடுவதில்லை. களைத்த தசையோடு வேகமெடுக்க முயலும்போது காயத்துக்கும் ஆளாகிறார்.

ஒரு நாள் பயிற்சியை எப்போது நிறுத்துவது என்பதற்குக் கடிகாரமே நல்ல வழிகாட்டி. அன்றைய சிறந்த நேரத்தைவிட 3 விழுக்காடு கூடுதலாக ஆகத் தொடங்கினால் அன்றைய வேகப் பயிற்சி முடிந்தது எனக் கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, 30 மீட்டரை 4.00 நொடிகளில் ஓடுபவர் 4.12 நொடிகளைத் தாண்டும்போது நிறுத்த வேண்டும். அட்டவணையில் இன்னும் மூன்று ஓட்டங்கள் எஞ்சியிருந்தாலும் அவற்றை விட்டுவிடுவதே சரி. இரு முழு வேகப் பயிற்சிகளுக்கு இடையே குறைந்தது 48 மணி நேரம் இடைவெளி தேவை.

உடலைச் சூடேற்றுதல் இப்பயிற்சியில் சடங்காகச் செய்யப்படுவதன்று. 5 நிமிட மெதுவோட்டத்துக்குப் பின் இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூட்டுகளை அசைவில் வைத்துத் தளர்த்தும் பயிற்சிகள், முழங்கால் உயர்த்தித் துள்ளும் நடைப் பயிற்சிகள், இறுதியாக 40 மீட்டர் அளவில் வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிய மூன்று ஓட்டங்கள் என 20 நிமிடங்களுக்குக் குறையாமல் அமைய வேண்டும். ஒரே நிலையில் ஒரு தசையை ஒரு நிமிடத்துக்கும் மேல் நீட்டிப் பிடிப்பது அடுத்து வரும் ஓட்டத்தின் ஆற்றலைச் சற்றுக் குறைப்பதாக ஆய்வுகள் காட்டுவதால், அவ்வகை நீட்டல்கள் பயிற்சியின் இறுதிக்கு மாற்றப்பட்டுள்ளன. முழங்கால் உயர்த்தும் நடைப் பயிற்சிகளைப் போலந்துப் பயிற்றுநர் ஜெரார்டு மாக் வகைப்படுத்திப் பரப்பினார். இவை சூடேற்றவும் தசைகளை ஆயத்தப்படுத்தவும் உதவுகின்றன. இவற்றை அழகாகச் செய்வதாலேயே ஒருவர் விரைவாக ஓடிவிடுவதில்லை.

பன்னிரண்டு வாரத் திட்டம்

கீழ்வரும் திட்டம், உடல்நலக் குறைபாடுகள் இல்லாத, ஓராண்டாவது ஒழுங்காக விளையாடிப் பழகிய, 100 மீட்டரை 13 நொடி அளவில் ஓடும் கல்லூரி மாணவர் ஒருவரை மனத்திற்கொண்டு அமைந்தது. வாரத்தில் திங்கள், புதன், வெள்ளி ஆகிய மூன்று நாட்கள் வேகப் பயிற்சிக்குரியவை. செவ்வாயும் சனியும் எளிய மெதுவோட்டம், உடற்பகுதித் தசைப் பயிற்சிகள் ஆகியவற்றுக்குரியவை. எஞ்சிய நாட்கள் ஓய்வு.

முதல் நான்கு வாரங்கள் முடுக்கத்துக்கு உரியவை. ஒரு நாளில் 10 மீட்டர் நான்கு முறை, 20 மீட்டர் நான்கு முறை, 30 மீட்டர் இரண்டு அல்லது மூன்று முறை. மொத்தம் ஏறத்தாழ 200 மீட்டர். தொடக்கத்தில் நின்ற நிலையிலிருந்தும், பின்னர் ஒரு கையை ஊன்றிய நிலையிலிருந்தும் புறப்படலாம். உடல் முன்சாய்ந்த நிலையில் தரையைப் பின்னோக்கி உந்துவதும், முதல் பத்து மீட்டருக்குள் தலையை நிமிர்த்தாமல் இருப்பதும் கவனிக்க வேண்டியவை. வாரத்தில் ஒரு நாள் இதனை மிதமான ஏற்றத்தில் ஓடலாம். ஏற்றம் உடலைத் தானாகவே முன்சாயச் செய்கிறது. வேகம் குறைவாக இருப்பதால் தொடைப் பின்தசைக்கும் இடர் குறைவு. பயிற்றுநர் இல்லாமல் பயில்பவருக்கு ஏற்றம் நல்ல ஆசிரியர். நான்காம் வாரத்தில் ஓட்டங்களின் எண்ணிக்கையை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும். உடல் வலிமை பெறுவது பயிற்சியின்போது அன்று, அதற்குப் பின்வரும் ஓய்வில் என்பதால், இக்குறைப்பைத் தவிர்க்கலாகாது.

ஐந்தாம் வாரம் முதல் எட்டாம் வாரம் வரை உச்ச வேகம் நோக்கப்படுகிறது. திங்களன்று முன்போலவே முடுக்க ஓட்டங்கள். புதனன்று பறப்போட்டம் எனப்படும் பயிற்சி: 30 மீட்டர் வரை படிப்படியாக வேகமேற்றி, அடுத்த 20 மீட்டரை முழு வேகத்தில் கடந்து, பின் மெல்லத் தளர்தல். இதனை நான்கு அல்லது ஐந்து முறை, 5 முதல் 6 நிமிட இடைவெளியில் செய்ய வேண்டும். முகமும் தோள்களும் இறுகாமல் இருப்பது இங்கு இன்றியமையாதது. இறுக்கம் கழுத்திலிருந்து தொடங்கிக் கால் வரை பரவும். வெள்ளியன்று 60 மீட்டர் மூன்று அல்லது நான்கு முறை. இத்திட்டத்தின் மையம் இந்நான்கு வாரங்களே. பறப்போட்டத்தின் 20 மீட்டர் நேரம் 2.20 நொடியிலிருந்து 2.10 நொடியாகக் குறையுமானால், உச்ச வேகம் நொடிக்கு 9.1 மீட்டரிலிருந்து 9.5 மீட்டராக உயர்ந்துள்ளது என்று பொருள். 100 மீட்டரின் பிற்பகுதியில் ஒவ்வொரு 20 மீட்டருக்கும் நொடியின் பத்தில் ஒரு பங்கை ஒட்டி இது மிச்சப்படுத்தும். எட்டாம் வாரத்தில் மீண்டும் சுமை குறைக்கப்படும்.

ஒன்பதாம் வாரம் முதல் பதினொன்றாம் வாரம் வரை வேகத்தைக் காக்கும் திறன் சேர்க்கப்படுகிறது. வாரத்தில் ஒரு நாள் மட்டும் 80, 100, 120 மீட்டர் ஓட்டங்களை ஒவ்வொரு முறை, 8 முதல் 12 நிமிட இடைவெளியுடன் ஓடலாம். மற்ற இரு நாட்களில் பறப்போட்டமும், கால்தாங்கிகளிலிருந்து புறப்படும் பயிற்சியும் தொடரும். பன்னிரண்டாம் வாரம் போட்டிக்கு முந்தியது. ஓட்டங்களின் எண்ணிக்கை பாதியாகக் குறையும், வேகம் குறைக்கப்படாது. கடைசிக் கடினப் பயிற்சி போட்டிக்கு மூன்று அல்லது நான்கு நாட்களுக்கு முன் முடிந்துவிட வேண்டும். போட்டிக்கு முந்திய நாள் இரண்டு மூன்று சிறு ஓட்டங்கள் போதும். இறுதி வாரத்தில் கூடுதலாகப் பயின்று எதையும் ஈட்ட இயலாது, ஈட்டியதை இழக்க இயலும்.

தேர்வுக் காலம், மழை, காய்ச்சல் ஆகியவற்றால் வாரங்கள் தவறினால், தவறியவற்றை அடுத்த வாரத்தில் சேர்த்து ஈடுசெய்யக் கூடாது. விட்ட இடத்திலிருந்து சற்றுக் குறைந்த அளவில் தொடர வேண்டும். பதின்ம வயதுக்குக் குறைந்த சிறுவர்களுக்கு இவ்வகைத் திட்டம் தேவையில்லை. ஓடிப் பிடித்தல் போன்ற விளையாட்டுகளே அவர்களை முழு வேகத்தில் ஓடச் செய்து, தாமாகவே ஓய்வெடுக்கவும் செய்கின்றன.

வலிமைப் பயிற்சிகள்

குந்தி எழுதல், டெட்லிஃப்ட் எனப்படும் எடையைத் தரையிலிருந்து தூக்குதல், ஒற்றைக் காலில் படியேறுதல் போன்றவை இடுப்பு, தொடைத் தசைகளின் விசையைக் கூட்டுகின்றன. வாரம் இருமுறை, வேகப் பயிற்சி நடந்த அதே நாளில், ஓட்டத்துக்குப் பின் இவற்றைச் செய்வது வழக்கம். இதனால் மறுநாள் உண்மையான ஓய்வு நாளாக அமைகிறது. துள்ளற் பயிற்சிகளில் நின்ற இடத்திலிருந்து நீளம் தாண்டுதல், கயிறு தாண்டுதல், தாழ்ந்த தடைகளைத் தாண்டுதல் ஆகியவை தொடக்க நிலையினருக்கு ஏற்றவை. வெர்கோசான்ஸ்கியின் உயரக் குதிப்புகள் பல ஆண்டு பயின்றவர்களுக்காக அமைக்கப்பட்டவை. அவற்றைத் தொடக்கநிலை மாணவர்கள் மேற்கொள்வது முழங்காலுக்கும் குதிகால் நாணுக்கும் தீங்கானது.

தொடைப் பின்தசைக் காயம்

ஹாம்ஸ்ட்ரிங் என வழங்கும் தொடைப் பின்தசைகளில் ஏற்படும் கிழிவு விரைவோட்டக்காரர்களை மிகுதியாகப் பாதிக்கும் காயமாகும். வீசப்பட்ட கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன், இத்தசை நீண்ட நிலையில் பெரும் விசையுடன் காலைத் தடுத்துப் பின்னிழுக்கும்போது இது பெரும்பாலும் நிகழ்கிறது. ஒருமுறை காயமுற்றவருக்கு அது மீண்டும் நிகழும் வாய்ப்பு அதிகம். வலி நின்றவுடன் முழு வேகத்துக்குத் திரும்புவதே மறுகாயத்துக்குப் பெரிதும் வழிவகுக்கிறது.

தடுப்பு முறைகளுள் நன்கு சோதிக்கப்பட்டது நார்டிக் பயிற்சி. முழங்காலிட்டு நிற்பவரின் கணுக்கால்களை மற்றொருவர் பிடித்துக்கொள்ள, முழங்காலுக்கு மேற்பட்ட உடலை நேராக வைத்தபடி இயன்ற அளவு மெதுவாக முன்னே சாய்வது இதன் முறை. 2011இல் வெளியான டென்மார்க் ஆய்வில், 50 கால்பந்து அணிகள் இரு பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டன. இப்பயிற்சியைச் செய்த பிரிவில் 15 தொடைப் பின்தசைக் காயங்களும், செய்யாத பிரிவில் 52 காயங்களும் பதிவாயின. முதல் சில நாட்களில் தசை வலி கடுமையாக இருக்கும் என்பதால் வாரம் ஒருமுறை, ஐந்தைந்து தடவையாக இரு சுற்றுகள் என்ற அளவில் தொடங்குவது நல்லது. முழு வேக ஓட்டமும் தன்னளவில் ஒரு தடுப்பு முறையே. மாதக் கணக்கில் மெதுவாக மட்டும் ஓடிவிட்டுப் போட்டி நாளன்று திடீரென முழு வேகம் கொள்பவரின் தசை அதற்குப் பழகியிருப்பதில்லை.

ஓட்டத்தின்போது தொடையின் பின்புறம் சுண்டி இழுப்பது போன்ற உணர்வு தோன்றினால், அன்றைய பயிற்சியை அங்கேயே நிறுத்துவது பல வார இழப்பைத் தவிர்க்கும்.

400 மீட்டருக்கான வேறுபாடுகள்

400 மீட்டர் ஓட்டத்தில் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 40 விழுக்காடு ஆக்சிசன் வழியாகப் பெறப்படுகிறது. ஆகவே 200 முதல் 300 மீட்டர் வரையிலான ஓட்டங்களும், களைப்பைத் தாங்கும் பயிற்சிகளும் இதில் இடம்பெறுகின்றன. ஆயினும் அடிப்படை வேகத்தின் தேவை இங்கும் குறையவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் 43.03 நொடிகளில் ஓடி உலக சாதனை படைத்த தென்னாப்பிரிக்காவின் வேய்டு வான் நீகெர்க், 100 மீட்டரை 10 நொடிக்குள்ளும் 200 மீட்டரை 20 நொடிக்குள்ளும் ஓடியவர்.

முன்னேற்றத்தை அளத்தல்

கையால் இயக்கும் நிறுத்துக் கடிகாரம் மின்னணுக் கருவியைவிடக் குறைந்த நேரத்தையே காட்டும். நேரம் பார்ப்பவர் துப்பாக்கியின் புகை அல்லது ஒலிக்குப் பின் சற்றுத் தாமதித்தே பொத்தானை அழுத்துகிறார். முடிவுக் கோட்டிலோ ஓட்டக்காரர் வருவதை முன்கூட்டியே கண்டு உரிய கணத்தில் அழுத்திவிடுகிறார். 100 மீட்டரில் இவ்வேறுபாடு 0.24 நொடி எனக் கொள்ளப்படுகிறது. 1977 முதல் 400 மீட்டர் வரையிலான ஓட்டங்களின் உலக சாதனைகளுக்கு மின்னணு நேரம் மட்டுமே ஏற்கப்படுகிறது. கைக்கடிகாரத்தில் 12.8 நொடி பெற்ற மாணவர், மின்னணுக் கருவியுள்ள மாவட்டப் போட்டியில் 13.0 நொடி பெற்றால், அவர் வேகம் குறைந்துவிட்டதாக வருந்தத் தேவையில்லை. மாறாக, மின்னணு நேரமாக 13.0 பெற்றவர் அடுத்த மாதம் கைக்கடிகாரத்தில் 12.8 பெற்றதை முன்னேற்றமாகக் கொள்ளவும் முடியாது.

காற்றையும் கருத்திற்கொள்ள வேண்டும். பின்னிருந்து வீசும் காற்று நொடிக்கு 2.0 மீட்டரைத் தாண்டினால் அந்நேரம் சாதனையாக ஏற்கப்படுவதில்லை. அந்த எல்லையளவு காற்று 10 நொடி அளவில் ஓடும் ஆண் ஓட்டக்காரருக்கு ஏறத்தாழ 0.10 நொடி உதவும். 2024 பாரிஸ் ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதியில் நோவா லைல்சு, கிசேன் தாம்சன் இருவருக்கும் 9.79 நொடியே பதிவாகி, 9.784, 9.789 என ஆயிரத்தில் ஐந்து பங்கு வேறுபாட்டில் வெற்றி முடிவு செய்யப்பட்டதை நோக்கும்போது, 0.10 நொடி எவ்வளவு பெரிது என்பது புலப்படும்.

இக்காரணங்களால் பயிற்சிக் காலத்தில் 100 மீட்டரை அடிக்கடி ஓடிப் பார்ப்பது பயனற்றது. 30 மீட்டர் முடுக்க நேரம், 20 மீட்டர் பறப்போட்ட நேரம், நின்ற இடத்திலிருந்து தாண்டும் நீளம் ஆகிய மூன்றையும் முதல், ஐந்தாம், ஒன்பதாம், பன்னிரண்டாம் வாரங்களின் தொடக்கத்தில், ஒரே தடத்தில், ஒரே காலணியுடன், இயன்றால் ஒரே ஆள் நேரம் பார்க்க அளந்து குறித்து வைப்பது போதுமானது. கைபேசி நிழற்படக் கருவி நொடிக்கு 240 படங்கள் பதிவு செய்யுமானால், இரு குறிக்கம்புகளுக்கு இடைப்பட்ட படங்களை எண்ணிக் கைக்கடிகாரத்தைவிடத் துல்லியமாகப் பறப்போட்ட நேரத்தைக் கணக்கிடலாம். 504 படங்கள் என்பது 2.10 நொடி ஆகும்.